தலைமையாசிரியர் கடிதம்: கைப்பேசிக்கு வரும் ஃபைல்கள் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கும், மகனும் மருமகளும் ஓசூர், பெங்களூரு என்று வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளைகளை ஊரில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு அட்டவணையை வகுப்பாசிரியர்கள் தனியாக அனுப்புவார்கள். இந்தக் கடிதம் வேறொரு காரணத்துக்காக. ஆவணி முகூர்த்தம் தொடங்கியதும் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழு ஒன்றில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது. வந்தது நம் மாணவர் ஒருவருடைய அப்பாவின் எண்ணிலிருந்து. முகூர்த்த மாதம், தெரிந்த எண், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திறந்து பார்த்த ஒரு வீட்டில், பாலக்கோடு மண்டியில் தக்காளி போட்டு வந்த பணம் கணக்கிலிருந்து அன்று இரவே போய்விட்டது. அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். "ஃபோனைத் தொட்டது எம் பொண்ணுதாங்க சார். அவள ஒண்ணும் சொல்லிடாதீங்க, ரெண்டு வேளையா சாப்பிடாம அழுதுட்டு இருக்கா" என்றார். பணம் போனதை அந்தப் பெண் இரவே பார்த்திருக்கிறாள். திட்டு விழுமே என்று பயந்து காலையில்தான் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத வைத்தது அந்த ஒரு இரவுதான்.

வந்தது பத்திரிகையே இல்லை. பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக வரும். இது ஏபிகே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றுவதற்கான ஃபைலின் பெயர் அது. பிளே ஸ்டோரிலிருந்து ஏற்றும்போது அந்த வேலை நம் கண்ணில் படாமல் நடந்துவிடும். வாட்ஸ்அப்பில் நேராக வந்ததைத் தட்டினால், தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி இது, அனுமதிக்கலாமா என்று கைப்பேசியே ஒரு தடவை கேட்கும். யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கிற அவசரத்தில் சரி என்று தட்டிவிடுகிறோம். அப்புறம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அதற்கும் சரி. அதோடு முடிந்தது. வங்கி அனுப்பும் ஓடிபி நமக்கு வரும்போதே எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்கும் போய்விடும். பல சமயம் அந்தச் செயலியின் படம்கூடத் திரையில் தெரியாது. பிறகு நம் எண்ணிலிருந்தே நம் உறவினர்களுக்கும் குழுக்களுக்கும் அதே ஃபைல் கிளம்பும். அந்த அப்பா எதையும் அனுப்பவில்லை. தனக்கு வந்ததை அவரும் நம்பித் திறந்திருக்கிறார். ஊரில் யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைக்குப் பத்திரிகை என்று வந்தது நாளைக்கு வண்டி அபராதம் என்று வரும், பிஎம் கிசான் பட்டியல் என்று வரும், வங்கி கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, என்று வரும். பெயரை நம்பாதீர்கள், வகையைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஃபைல் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதன் அளவும் வகையும் போட்டிருக்கும். அங்கே ஆங்கிலத்தில் ஏ, பி, கே என்ற மூன்று எழுத்து இருந்தால் தொட வேண்டாம். சிலர் பெயருக்கு நடுவில் பிடிஎஃப் என்று போட்டுவிட்டு ஏபிகே என்று முடிப்பார்கள். கடைசியில் இருப்பதுதான் கணக்கு. ஆங்கில எழுத்து படிக்க வராத தாத்தா பாட்டிகள் பிள்ளைகளிடம் காட்டிக் கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த மூன்று எழுத்தைப் படிக்கத் தெரியும்.

பள்ளியின் சார்பில் ஓர் உறுதி தருகிறேன். எங்களிடமிருந்து வருவது படமாக இருக்கும், இல்லையென்றால் பிடிஎஃப் ஆக இருக்கும். வேறு எதுவும் வராது. ஏதாவது செயலி தேவைப்பட்டால் அதன் பெயரைப் பிள்ளைகளின் டைரியில் எழுதி அனுப்புவோம். நீங்கள் பிளே ஸ்டோரில் தேடி ஏற்றிக்கொள்ளலாம். பிடிஎஃப் 1993-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது, 2008-இல் உலகப் பொதுத் தரமாக ஆனது. எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்தும் கட்டமும் கலையாமல் ஒரே மாதிரி தெரியும் என்பதால்தான் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் அதில் கிடைக்கின்றன. ஆனால் பிடிஎஃபுக்கு உள்ளேயும் லிங்க் வைத்து ஏமாற்றுகிறார்கள். லிங்க் எங்கே இருந்தாலும், அரசு தளம் என்று சொன்னால் முகவரி 'கவ் டாட் இன்' என்றோ 'நிக் டாட் இன்' என்றோ முடிகிறதா என்று பாருங்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியரா என்பதை அது சொல்லாது.

எட்டாம் வகுப்புப் பெற்றோர் இதைக் கவனமாகப் படியுங்கள். தேசிய வருவாய் வழி திறனாய்வுத் தேர்வில் தேறும் பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. மேல்நிலை முடித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்ட் முதல் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இந்தப் பணம் எல்லாமே நேராக வங்கிக் கணக்கில்தான் விழும். "கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள்" என்று யாராவது பேசினால் உடனே வைத்துவிடுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதனால் நிஜமாகிவிடாது. பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை. நான்கு இலக்கமோ ஆறு இலக்கமோ, யுபிஐ பின்னைப் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும்.

அடுத்தது, விண்ணப்பம் போடும்போது நடப்பது. புகைப்படம் ஜேபிஜி என்ற வகையில் இருக்க வேண்டும், அளவு இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று தளம் கேட்கும். ஐஃபோனிலும் இப்போதைய சில ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் படம் ஹெச்இஐசி என்ற வகையில் பதிவாகும், தளம் அதை வாங்காது. உடனே கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் இலவசத் தளத்தில் பிள்ளையின் ஆதாரையும் படத்தையும் ஏற்றி மாற்றிக்கொள்கிறோம். அந்தத் தளம் யாருடையது, ஏற்றிய ஆதாரை என்ன செய்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. 2025 மார்ச்சில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் இதைப் பற்றியே எச்சரித்தது. இலவசமாக ஃபைல் மாற்றித் தரும் சில தளங்கள் மாற்றிய ஃபைலோடு வைரஸையும் சேர்த்துத் தருகின்றன, ஏற்றியதில் உள்ள விவரங்களையும் உருவிக்கொள்கின்றன என்றது. இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே அந்தப் படத்தை அனுப்பி, திரும்பச் சேமித்துக்கொண்டால் அது ஜேபிஜி ஆகவும் சின்னதாகவும் மாறியிருக்கும். சான்றிதழைப் பிடிஎஃப் ஆக்க கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. இரண்டுக்கும் காசு இல்லை.

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் நடத்துபவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான், நல்லவர்கள்தான். ஆனால் அந்தக் கணினியில் நாள் முழுக்க யார் யாரோ உட்காருகிறார்கள். ஆதார் நகல் எடுத்த பிறகு, அந்த ஃபைலை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், கைப்பேசி வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள் (லிங்க்டு டிவைசஸ்) என்ற இடத்துக்குப் போய் வெளியேறிவிட்டுக் கிளம்புங்கள். ஆதார் பிடிஎஃபுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். உங்களைத் தெரிந்த எவராலும் திறந்துவிட முடியும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரையும் ஆதார் தளமே தருகிறது. அது போதும் என்கிற இடங்களில் அதையே கொடுங்கள்.

நம் ஊரில் நான் மிகவும் கவலைப்படுவது இன்னொன்றைப் பற்றி. அப்பா கட்டட வேலைக்குப் பெங்களூரு போயிருப்பார். வங்கிக் கணக்கோடு சேர்ந்த சிம் வீட்டிலிருக்கும் ஃபோனில் கிடக்கும். அந்த ஃபோனில்தான் பையன் விளையாடுவான். காசு கட்டாமலே எல்லா ஆயுதமும் கிடைக்கும் என்று யாரோ அனுப்பிய விளையாட்டு ஏபிகேயை அவன் ஏற்றுவான். இதில் அவனை அடித்து என்ன பயன்? அந்த சிம்மை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஜிபே, ஃபோன்பே பயன்படுத்தாத வீடுகளில் வங்கி சிம்மைப் பழைய பட்டன் ஃபோனில் போட்டு வையுங்கள். அதில் ஏபிகே ஏறாது. பயன்படுத்தும் வீடுகளில் கடை கண்ணிச் செலவுக்கென்று ஒரு சின்னக் கணக்கை மட்டும் யுபிஐயில் சேருங்கள். மா விற்ற பணமும் பட்டுக்கூடு போட்ட பணமும் இருக்கும் கணக்கு தனியாகவே இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போய்விட்டால், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது, கட்டணம் இல்லை. ஏமாந்த ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வேறு ஃபோனிலிருந்து கூப்பிடுங்கள். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்க 1930 மூலம் வங்கிகளுக்குத் தகவல் போகிறது. ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் பிடிப்பது கஷ்டம். வங்கிக்கும் உடனே சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். நம் கவனக்குறைவால் போன பணமாகவே இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள், அது சாட்சி.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் பிள்ளை முதலில் வாய் திறக்க வேண்டும். ஆகவே இன்று இரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: ஃபோனில் எது தவறாகப் போனாலும், எந்த நேரமானாலும், எங்களை எழுப்பிச் சொல்லு, திட்ட மாட்டோம். சொன்னால் அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ சொல்லலாம் என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 4.30 மணிக்குப் பள்ளியின் ஹைடெக் லேபில் நம் கணினி ஆசிரியர் இருப்பார். ஃபோனை எடுத்துக்கொண்டு வாருங்கள். தெரியாத செயலி எதுவும் ஏறியிருக்கிறதா, எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார், வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குப் பாதுகாப்பும் போட்டுத் தருவார். உங்கள் பின் எண்ணையோ ஓடிபியையோ அவரிடமும் சொல்ல வேண்டாம். வேலை முடிந்து தாமதமாக வருபவர்களுக்காக ஆறரை மணி வரை லேப் திறந்திருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்