கோணர் அடிக்க முந்தி

குருநகர்
பங்குனி 8

அன்புள்ள தம்பி,

அப்பம்மாவும் நானும் சுகம். போன் இருக்கேக்கை ஏன் கடிதம் எண்டு யோசிப்பாய். போனிலை ரெண்டு நீலக் கோடு விழுது, பதில் வாறேல்லை. பக்கத்து வீட்டு அன்ரி லண்டன் வாறா, அவவிட்டைக் குடுத்து விடுறன். ஒடியல் மாவும் பனங்கட்டியும் இருக்கு. வாசிக்கக் கஷ்டமெண்டால் சித்தப்பாட்டைக் குடு. கொம்மாட்டைக் குடாதை.

சித்தப்பா அனுப்பின மாச் வீடியோ பாத்தன். தேத்தண்ணிக் கடையிலை எங்கடை பாடும்மீன் கழகப் பெடியள் ஏழெட்டுப் பேர் என்ரை போனைச் சுத்தி நிண்டவங்கள். நீ இடது விங்கிலை பந்தை எடுத்து, மறிக்க வந்த பாக்கை (தடுப்பு ஆட்டக்காரனை) வெளிப்பக்கம் இழுத்துப்போட்டு, உள்ளுக்கு வெட்டி வலக்காலாலை அடிச்சது போஸ்ற்றிலை பட்டுத் திரும்ப, அவங்கள் போட்ட சத்தத்துக்கு முதலாளி கரண்டியோடை வெளியிலை வந்திட்டார். "என்ரை மகன்" எண்டன். அவருக்குத் தெரியாததே! எங்கடை காலத்திலை விங் எண்டால் கோட்டோடை ஓடிப்போய்க் கிறொஸ் போடுறது. வலக்காலனை இடப்பக்கம் விட்டால் கோச்சுக்குத்தான் பேச்சு விழும். இப்ப எல்லா இடமும் அப்பிடித்தான் விடுகினம். நான் சொல்லித் தந்ததை நீ மறந்ததும் நல்லதுக்குத்தான்.

கடைசிப் பக்கம் ஒரு கோணர் அடிச்சாய். அடிக்க முந்தி வலக்கால் நுனியாலை நிலத்திலை ரெண்டு தரம் தட்டினாய். பெடியள் ஒருத்தரும் கவனிக்கேல்லை. நான் வீட்டை வந்து பின்னுக்கு இழுத்து இழுத்துப் பாத்தன். அதுக்குப் பிறகு அவங்கடை பாக் உன்ரை பக்கத்தாலை ஏறிப் போகேக்கை நீ துரத்தவும் இல்லை. கரண்டைக்கால் நோகுதோ?

நோகுதெண்டால் பிசியோட்டைச் சொல்லு. முதுகிலை ஒரு கருவி கட்டி விடுறவங்கள் எண்டாய், அது எத்தினை மீற்றர் ஓடினாய் எண்டு சொல்லும், நோகுதோ எண்டு அதுக்குத் தெரியாது. நீதான் சொல்லவேணும்.

17 வயசு முடிஞ்சால் புரொபெஷனல் ஒப்பந்தம் எழுதலாம் எண்டு துள்ளித் துள்ளிச் சொன்னவன் நீ. ஆவணியிலை 17 முடிஞ்சுது. அப்பம்மா கேக் வாங்கி அயலுக்கெல்லாம் குடுத்தவ. நான் ஒண்டும் கேக்கேல்லை. இப்பவும் கேக்கேல்லை. ஆனியோடை அக்கடமியிலை உன்ரை ரெண்டு வருசம் முடியுது எண்டதும் எனக்கு ஞாபகம், அவ்வளவுதான். இங்கிலாந்து ஆட்டக்காரன் ஜேமி வார்டியை 16 வயசிலை உயரம் காணாதெண்டு கழகத்தாலை அனுப்பிப்போட்டாங்களாம். 2016இலை லெஸ்ரர் பிறீமியர் லீக் சம்பியன் ஆகேக்கை அந்த ரீமிலை கூடக் கோல் அடிச்சது அவர்தான். சும்மா, வாசிச்சதைச் சொல்லுறன்.

கொம்மாவோடை எரிஞ்சு விழுறியாம். உதைபந்துக்கெண்டு வெளிநாடு போற பிள்ளையை 18க்கு முந்திப் பதிய பீஃபா விடாது. அவ வேலைக்கெண்டு அங்கை வந்தபடியாத்தான் உனக்குச் சரிவந்தது. இரவு வேலை முடிச்ச கண்ணோடை உன்னைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவ. நத்தாருக்கும் அப்பம்மாவோடை நீ கதைக்கேல்லை. அவ இன்னும் கேக்கிறா. சரி, அதை விடு. காலைக் காட்டு.

துரையப்பா விளையாட்டரங்கிலை 12 வயசுக்குக் கீழ் மாச், நினைவிருக்கோ? கால் பிரண்டு விழுந்தாய். கோச் உன்னை மாத்த எழும்பினவர். நான் கோட்டிலை நிண்டு "எழும்படா, பொம்பிளைப் பிள்ளை மாதிரிக் கிடக்கிறாய்" எண்டு கத்தினன். அகில இலங்கை உதைபந்துக் கிண்ணம் தூக்கின மகாஜனாக் கல்லூரிப் பொம்பிளைப் பிள்ளையள்ரை மண்ணிலை நிண்டு கத்தினன், விசரன். நீ எழும்பி, கால் நுனியாலை நிலத்திலை ரெண்டு தரம் தட்டிப்போட்டு ஓடினாய். அண்டைக்குத்தான் அதை முதல் கண்டது.

தோத்துப்போனம். வீட்டை வரேக்கை நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னுக்கு நடந்தன். நீ பின்னாலை கெந்திக் கெந்தி வந்தாய். குருநகர் மட்டும் உன்னை ஏத்தேல்லை. கரியர் வெறுமனேதான் இருந்தது. கொம்மா காலைப் பாத்திட்டுக் கேக்க, வழியிலை தடக்கி விழுந்தவன் எண்டு சொன்னன். நீ என்ரை முகத்தைப் பாத்திட்டு, ஓமெண்டாய்.

கொம்மாட்டைக் குடாதை எண்டு மேலை எழுதினனான். குடு. அவவும் வாசிக்கட்டும்.

அப்பா