வாசலில் இரண்டடி மண் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கும்பகோணம் பக்கம் இப்போது கட்டுகிற வீடுகளில் கோலம் போடக்கூட மண் இல்லை, சுற்றிலும் சிமெண்ட் தளம், மத்தியானம் கால் வைக்க முடியாத சூடு. ஓரமாக இரண்டடி மண் விட்டாலே இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாம் நம் வெயிலுக்கு நன்றாக வரும்.

சரி, வீட்டுக்குள்? மணி பிளாண்ட் வையுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஏனென்றால் இலையை மென்றால் வாய் எரியும். ஆனால் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வு மூடிய பெட்டிக்குள் செய்தது, சாதாரண வீட்டில் ஜன்னலைத் திறந்து வைப்பதே அதைவிடப் பலன் தரும். பச்சை கண்ணுக்கு இதம், அதற்காகவே வைக்கலாம்.

வயல் களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பாதீர்கள், தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும், நான்கு செடிகளை நான் அப்படித்தான் இழந்தேன். மணலும் தென்னை நார்த்தூளும் மக்கிய சாணமும் கலக்க வேண்டும். அப்புறம், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கவிழ்க்க வேண்டும், ஐப்பசி மழையில் டெங்கு கொசு அதில்தான் பெருகுகிறது.

இதையெல்லாம் உங்கள் ஞாயிறு பக்கத்தில் விவரமாக எழுதச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்