பிள்ளைகள் செய்த விளையாட்டு அடுத்த வாரமும் கணினியில் இருக்க வேண்டும்

பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும், அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

2019-இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகில் ஸ்கிராட்ச் இருக்கிறது. கட்டளைகள் எழுதிய வண்ணக் கட்டங்களை, அதாவது பிளாக்குகளை, அடுக்கி விளையாட்டு செய்யும் மென்பொருள் அது. மேடை (விளையாட்டு ஓடும் திரைப்பகுதி) எது, ஸ்பிரைட் (அதில் நகரும் உருவம்) எது என்று பிள்ளைகள் படித்து விடையும் எழுதிவிடுகிறார்கள். அதைச் செய்து பார்க்க வாரம் இரண்டு முறை, முறைக்கு 90 நிமிடம், ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள். கூடவே, செய்ததைச் சேமித்துவைக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் நிலையான ஓர் இடம் கொடுங்கள். நேரம் ஒதுக்கும் பள்ளிகள்கூட இந்த இரண்டாவதைத்தான் விட்டுவிடுகின்றன. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு, போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாவிட்டால் எல்லா வாரமும் முதல் வாரம்தான்.

ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து மாம்பழம் விழுகிறது, கீழே கூடை பிடிக்கிறது. ஸ்கிராட்ச் மேடையின் அகலம் 480, உயரம் 360, நடுப்புள்ளி 0,0. மாம்பழத்தை y 170-இல் வைத்து, x-ஐ -220-க்கும் 220-க்கும் இடையே ஏதாவதோர் எண்ணாக எடுக்கச் சொல்லி, y-ஐ ஐந்தைந்தாகக் குறைத்துக்கொண்டே வந்தால் பழம் விழும். கணக்கு நோட்டில் வெறும் கோடுகளாக இருந்த x, y அச்சுகள் இங்கே பழம் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன. குறை எண் எதற்கு என்று அதன்பின் எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

கற்றல் நடப்பது பிழைகளில்தான். "கூடையைத் தொட்டால் மதிப்பெண்ணை 1 கூட்டு" என்று மட்டும் எழுதினால், ஒரே பழத்துக்குப் பத்துக்கு மேல் ஏறிவிடும். ஸ்கிராட்ச் நொடிக்கு 30 தடவை சரிபார்க்கிறது. பழம் கூடையைக் கடந்து முடிக்கும் வரை ஒவ்வொரு தடவையும் "தொட்டது" என்பது உண்மை. கூட்டிய கையோடு பழத்தை மேலே அனுப்பிவிட்டால் சரியாகிவிடும். இன்னொரு பிள்ளை "y -200-க்குக் கீழே போனால் மேலே அனுப்பு" என்று எழுதியிருக்கும். பழம் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்பிரைட் மேடையை விட்டு முழுக்க வெளியேற ஸ்கிராட்ச் விடாது, சின்னப் பழம் -200-ஐ எட்டவே எட்டாது. -170 போதும். கூடை திக்கித் திக்கி நகர்ந்தால், "அம்புக்குறியை அழுத்தும்போது" என்ற பிளாக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாவியை அழுத்திப் பிடித்தால் விசைப்பலகை முதலில் ஒரு கணம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்தடுத்து அனுப்பும். முடிவில்லாச் சுழலுக்குள் "சாவி அழுத்தப்பட்டதா" என்று கேட்க வைத்தால் சீராக ஓடும்.

இந்த மூன்று பிழைகளையும் ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பிழை திரையில் தெரியட்டும். "ஏன் பத்து ஏறியது?" என்று அந்தப் பிள்ளையையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மாறி (மதிப்பெண் போல மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பு), சுழல் (திரும்பத் திரும்பச் செய்வது), நிபந்தனை ("தொட்டால்" என்பது போன்றது) மூன்றும் அந்தப் பதிலுக்குள் வந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைதான் என்ற நிரல்மொழி வரும்போது இந்த மூன்றிலும் புதிதாகப் படிக்க வேண்டியது எழுதும் முறை மட்டும்தான்.

இனி சேமிப்பு. மறுபடி இயக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்த கணினிகளில், டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல் மறுநாள் இருக்காது. வைரஸ் பயத்தில் பென்டிரைவ் துளையை அடைத்து வைத்திருப்பதும் சரியே. ஆகவே ஆய்வகக் கணினிகள் எல்லாம் இணைந்திருக்கும் பொதுக் கணினியான சர்வரில் வகுப்பு, பிரிவு, வரிசை எண் என்று ஃபோல்டர் போட்டுக் கொடுங்கள். பெரிய ஒலிப்பதிவுகள் இல்லாத இப்படியொரு விளையாட்டு ஒரு எம்பிகூட வராது. பள்ளி முழுவதற்கும் சில ஜிபி போதும். கணினியில் நிறுவும் ஸ்கிராட்ச் தானாகச் சேமிக்காது, கரண்ட் போனால் அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை mambazham1, mambazham2 என்று புதுப் பெயரில் சேமிக்கப் பழக்குங்கள். நேற்றைய வடிவத்துக்குத் திரும்ப முடியும் என்று தெரிந்தால் பிள்ளைகள் பயமில்லாமல் கலைத்துப் பார்ப்பார்கள்.

இணையம் வேண்டியது பகிர்வதற்குத்தான். மின்னஞ்சல் இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச்சின் ஆசிரியர் கணக்கு வழியாக மாணவர் கணக்குகளை உருவாக்கலாம். கடவுச்சொல் மறந்தால் ஆசிரியரே மாற்றித் தரலாம். வகுப்புக்கே ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல் என்று தயவுசெய்து வைக்காதீர்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் அழித்துவிடுவார், அழித்தது யாரென்றும் தெரியாது. பயனர் பெயரில் சொந்தப் பெயர், ஊர், பள்ளி எதுவும் வேண்டாம். விளையாட்டுக்குள் முகப் படமும் வேண்டாம். பிறர் விளையாட்டை எடுத்து மாற்றி ரீமிக்ஸ் செய்தால் மூலத்தைச் செய்தவர் பெயர் தானாகவே தெரியும். எடுத்ததைச் சொல்லி எடுக்கும் பழக்கத்தை அங்கேயே தொடங்கலாம்.

ஒரு கணினிக்கு இருவர் போதும். மூன்றாமவர் வேடிக்கை பார்ப்பார். இருவரிலும் மவுஸ் ஒருவர் கையிலேயே தங்கிவிடும், பெரும்பாலும் பையன் கையில். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து மாற்றுங்கள். மாலை வகுப்பென்றால் கடைசி டவுன் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் முதலில் நின்றுபோவது பெண் பிள்ளைகள்தான். பஸ் ஒத்துவராத ஊர்களில் சனிக்கிழமை காலை நல்லது.

புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை, ஸ்கிராட்ச் இலவசம். ஆய்வகச் சாவியை அந்த 90 நிமிடத்துக்கு யார் வைத்திருப்பார், சர்வரில் ஃபோல்டர் போடும் அனுமதி யாருக்கு என்ற இரண்டு பெயர்களையும் குறிப்பிட்டு ஓர் உத்தரவு வந்தால் வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
பிள்ளைகளுக்கு விளையாட்டு உருவாக்கம் கற்பிக்கும் தன்னார்வலர்கள்