நீ அனுப்பின 3 லட்சம்

அன்பு மகனுக்கு,

காசு கிடைத்தது. ஒன்றும் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று மனம் நொந்திருப்பாய். எழுதினால் இடையில் தொண்டை அடைக்காது, அதனால் எழுதுகிறேன்.

“12 லட்சத்தையும் ஒரு வருசத்தில் நிரப்பித் தாறன், நீங்க பழையபடி இருங்க அப்பா” என்றாய். அது போன விதம் உனக்கு முழுக்கத் தெரியாது. 2022 செப்டெம்பரில் இலங்கையில் விலைவாசி ஏற்றம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. பென்சனோடு வந்த மொத்தக் காசு வங்கியில் கிடந்தே கரைகிறதே என்று எனக்கு நித்திரை இல்லை. தெரிந்த ஒருவர் நூற்றுக்கு மாதம் 5 வட்டி தருவதாகச் சொன்னார். வருசத்துக்கு 60. அதுவும் 70ஐ விடக் குறைவுதானே என்றுகூட யோசிக்கவில்லை, 30 வருசம் கணக்குப் படிப்பித்த மனிசன்! நாலு மாதம் வட்டி வந்தது. பிறகு ஆளையும் காணவில்லை, காசையும் காணவில்லை.

சோற்றுக்குக் குறையில்லை, பென்சன் மாதாமாதம் வருகிறது. ஆனால் அது தங்கச்சிக்கு வீடு கட்டவென்று வைத்த காசு. நம்மட மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காத தகப்பனை எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 1924இல் திறந்த கல்லடிப் பழைய பாலத்தில் பின்னேரம் கூட்டாளிமாரோடு நிற்பேனே, அதை விட்டேன். “வீட்டு வேலை எந்த மட்டில?” என்று யாராவது கேட்பார்கள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்கும் போகவில்லை. வீட்டுக்குள் யாராவது சிரித்தால் எரிச்சல் வந்தது.

78 சூறாவளிக்கு எனக்கு 18 வயது. நவம்பர் 23 இரவு கூரை பறந்தது. விடியப் பார்த்தால் தென்னை எல்லாம் படுத்துக் கிடக்கிறது. அந்தக் கிழமையே அப்பப்பா முற்றத்தில் அடுப்பு மூட்டி, அயலாரோடு பகிடி விட்டுக்கொண்டு கஞ்சி குடித்தார். அயலில் ஒருவருக்கும் கூரை இல்லை. யாருக்கு யார் வெட்கப்படுவது? (சுனாமியை இதில் சேர்க்கமாட்டேன். அது உயிர்கள் போன கதை.) ஆனால் இந்த 12 லட்சம் என் கையால் எடுத்துக் கொடுத்த காசு. அதனால் எட்டு மாதம் அம்மாவுக்கும் மறைத்தேன்.

கடைசியில் சொன்னபோது, “எனக்குத் தெரியும், நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன்” என்று விட்டு மீன் வெட்டப் போனா. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தங்கச்சி ஒரு கதை சொன்னாள். கானமன், ட்வெர்ஸ்கி என்று இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், ஒரே தொகை கைக்கு வரும் சந்தோசத்தை விட கையை விட்டுப் போகும் நோவு பெரிது என்று 1979இல் எழுதினார்களாம். 1992இல் 2.25 மடங்கு என்று கணக்கும் போட்டார்களாம். “அப்ப அண்ணா 27 லட்சம் அனுப்பவேணும்” என்றாள். பெருக்கிப் பார்த்தேன், சரிதான். கனகாலத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

உன் 3 லட்சத்தில் வீட்டுக்கு நிலையும் யன்னலும் வைத்தாயிற்று. மீதியை அனுப்பாதே, நீயும் ஒரு குடும்பம் ஆகவேணும். வெள்ளிக்கிழமை போன் எடுத்தால் காசுக் கதை வேண்டாம், பாலத்தடிக்குப் போனேனா என்று கேள். நேற்றுப் போனேன்.

அம்மா கருவாடு காயவைத்திருக்கிறா. பக்கத்து வீட்டுத் தம்பி 14ஆம் திகதி கட்டார் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறோம்.

அப்பா