ரெசாங் லாவில் பீரங்கி சுடாதது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

1962 சீனப் போரில் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் போரிட்டு இறந்த மேஜர் ஷைத்தான் சிங் பற்றிய கட்டுரையை வெளியிட்டதற்கு நன்றி. பெயரைப் பார்த்துச் சில வாசகர்கள் திகைத்திருக்கலாம். ராஜஸ்தானில் அது புழக்கத்தில் உள்ள பெயர்தான். நம் ஊரில் மண்ணாங்கட்டி என்று வைப்பதில்லையா?

ஆனால், 'கேட்டும் பீரங்கி உதவி மறுக்கப்பட்டது' என்ற வரியைத் திருத்த வேண்டும். யாரும் மறுக்கவில்லை. மலை குறுக்கே நின்றது.

1962-ல் நம் 25 பவுண்டர் பீரங்கிகள் சுஷூல் விமானத்தளத்தைக் காக்க நிறுத்தப்பட்டிருந்தன. மேஜர் தலைமையில் 13-வது குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி இருந்த ரெசாங் லா அங்கிருந்து தெற்கே, சுமார் 16,000 அடி உயரத்தில் இருக்கிறது. இடையில் உயர்ந்த முகடுகள். 25 பவுண்டரின் குழலைச் சுமார் 40 டிகிரிக்கு மேல் தூக்க முடியாது. அப்படிச் சுட்டால் குண்டு ஒன்று முகட்டில் மோதும், இல்லையென்றால் அதைத் தாண்டி எங்கோ போய் விழும். முகட்டுக்கு அடுத்த சரிவில் இறங்காது. பீரங்கிக்காரர்கள் இதை 'கிரெஸ்ட்' ஆகிவிட்டது என்பார்கள். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தாலே தெரிகிற விஷயம். அது தெரிந்தேதான் அந்தக் கம்பெனி அங்கே உட்கார்ந்திருந்தது. கட்டுரை சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

மிச்சம் கையில் இருந்தது மோர்ட்டார், குண்டை மேல்நோக்கி வீசும் சிறு குழல். அதன் வாய் ஏறக்குறைய வானத்தைப் பார்த்திருக்கும், அதனால் முகடு தடையில்லை. ஆனால் 3 அங்குல மோர்ட்டார் குண்டு ஒன்று நாலரை கிலோ. அந்த உயரத்தில், மூச்சு வாங்க வாங்க, ஆள்தான் சுமந்து ஏற்ற வேண்டும். சுடச்சுடக் குறைந்துகொண்டே போகும் கையிருப்பு அது.

துப்பாக்கியும் அப்படித்தான். .303 ரைபிளில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை, அதாவது தாழ் போன்ற கைப்பிடியை, இழுத்துத் தள்ள வேண்டும். மேகசினில் 10 தோட்டா. ஐந்தைந்தாக கிளிப்பில் வைத்து அழுத்தி நிரப்ப வேண்டும். கனத்த கையுறையோடு விரல் விசை வளையத்துக்குள் நுழையாது. கையுறையைக் கழற்றினால் நவம்பர் குளிரில் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். எதிரே வந்தவர்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள். அந்த உயரத்தில் மரம் கிடையாது என்பதால் பதுங்குகுழிகளுக்கு உறுதியான மேல்மூடியும் இல்லை.

நவம்பர் 18 விடியுமுன் தாக்குதல் தொடங்கியது. மேஜர் ஒரே இடத்தில் நிற்கவில்லை. கம்பெனியின் ஒரு பிரிவான பிளாட்டூனிலிருந்து அடுத்த பிளாட்டூனுக்குத் திறந்தவெளியில் நடந்தார். முதலில் கையில் அடி, பிறகு வயிற்றில். தூக்கிக்கொண்டு இறங்கியவர்களை 'விட்டுவிட்டுப் போங்கள்' என்று அனுப்பினார். ஒரு பாறை ஓரம் சாய்த்துவிட்டுப் போனார்கள். 1963 பிப்ரவரியில் பனிக்கடியில் அங்கேயே அவர் உடல் கிடைத்தது. பரம் வீர் சக்ரா மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

'ஒருவர்கூடப் பிழைக்கவில்லை' என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. சுமார் 120 பேரில் இறந்தவர்கள் 114 என்று சுஷூலில் உள்ள நினைவுச்சின்னம் சொல்கிறது. உடம்பெல்லாம் காயத்தோடு தப்பி வந்த சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. பனி விலகி உடல்களைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்: துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்தவர்கள், நர்சிங் உதவியாளர் தரம்பால் சிங் தஹியாவின் கையில் சிரிஞ்சும் கட்டுத்துணியும். அவருக்கு வீர் சக்ரா. கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

இன்னொன்று. 'ஜமேதார்' என்பதை ஏவலாள் என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அன்றைய ராணுவத்தில் அது பிளாட்டூனை நடத்தும் இளநிலை அதிகாரி பதவி. இன்றைய நாயப் சுபேதார்தான் அது. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர் மாவட்டம்