எல்.ஆர். புத்தகங்களை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிராட்வே, சவுகார்பேட்டை, வால்டாக்ஸ் ரோடு பக்கம் அப்பா, பிள்ளை, பேரன் என்று குடும்பமாக நடத்தி வந்த லாரி ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கட்டடம் கைமாறும்போது பெயர்ப் பலகையை யாராவது ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். முதலாளியின் படம் வீட்டுக்குப் போகிறது. பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் சரக்கு ரசீதுகளான எல்.ஆர். புத்தகம், வண்டியில் ஏறிய சரக்கின் பட்டியலான லோடிங் சலான், பயணக் கணக்கான டிரிப் ஷீட் மட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அதைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம். பழைய லாரி கம்பெனிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வண்டிக்குப் பின்னால் எழுதிய வாசகத்தையும் ஏர் ஹாரனையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். தொழில் எப்படி நடந்தது என்பது அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருவதால், எப்படிப் படிப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்.ஆர். என்பது லாரி ரசீது. சரக்கு புக் ஆனதும் கார்பன் வைத்துப் பெரும்பாலும் நான்கு நகல் எழுதுவார்கள். அனுப்புகிறவருக்கு ஒன்று, பெறுகிறவருக்கு ஒன்று, வண்டியோடு போவது ஒன்று, புத்தகத்திலேயே தங்குவது ஒன்று. இன்று பரணில் இருப்பது அந்தக் கடைசி நகல். அதில் எடைக்கு இரண்டு கட்டம் இருக்கும்: நிஜ எடை, சார்ஜ் எடை. பிளாஸ்டிக் குடம், மெத்தை போல எடை குறைந்து இடத்தை அடைக்கிற சரக்குக்கு, அது அடைக்கும் இடத்தைக் கணக்குப் போட்டு சார்ஜ் எடையை ஏற்றி எழுதுவார்கள். ‘டு பே’ என்றால் சரக்கு எடுக்கிறவர் வாடகை தருவார். ‘பெய்டு’ என்றால் அனுப்பியவரே கட்டிவிட்டார். இதற்குக் கீழே ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கடையிலிருந்து எடுத்து வந்த கூலி என்று தனித்தனியாக இருக்கும். வருடவாரியாக எடுத்துப் பார்த்தால் சென்னையின் கூலி உயர்ந்த கதை அந்தக் கட்டங்களிலேயே கிடைக்கும்.

பெறுகிறவர் பெயர் எழுதும் இடத்தில் ‘செல்ஃப்’ என்று போட்டிருந்தால் அந்த ரசீதுக்குத் தனி மதிப்பு உண்டு. சிவகாசியிலோ ஈரோட்டிலோ இருக்கும் வியாபாரி, முன்பின் பழக்கமில்லாத சென்னைக் கடைக்குச் சரக்கு அனுப்பும்போது தன் பெயரிலேயே புக் செய்து, ரசீதையும் பில்லையும் வங்கி மூலம் அனுப்புவார். கடைக்காரர் வங்கியில் பணம் கட்டி, பின்பக்கம் கையெழுத்தான ரசீதை வாங்கிக்கொண்டு லாரி ஆபீஸுக்கு வருவார். ரசீதைக் கொடுத்தால்தான் சரக்கு. அந்த ரசீதின் பேரில் அனுப்பியவருக்கு வங்கி முன்பணம் தருவதும் உண்டு; ஆக லாரி கம்பெனியின் கையெழுத்தை நம்பி வங்கி கடன் கொடுத்தது. இந்திய வங்கிகள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற டிரான்ஸ்போர்ட் என்பதைப் பலகையிலும் ரசீதிலும் பெரிதாகப் போட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுதான். தப்பு நடப்பதும் இங்கேதான். “நம்ம கடைக்காரர்தானே, ரசீது நாளைக்கு வந்துவிடும்” என்று குடோன்காரர் முகதாட்சண்யத்தில் சரக்கை விட்டுவிடுவார். கடைக்காரர் வங்கியில் பணம் கட்டமாட்டார். ரசீது அனுப்பியவருக்கே திரும்பிப் போய், அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சரக்கைக் கேட்பார். அந்த முழு மதிப்பையும் கம்பெனிதான் கட்ட வேண்டும். நல்ல பெயரோடு இருந்த கம்பெனிகளையும் இப்படி நான்கைந்து டெலிவரி ஆட்டிப் பார்த்துவிடும்.

சட்டமும் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 1865-ம் வருடத்து கேரியர்ஸ் சட்டம்தான் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2007-ம் வருடச் சட்டம் 2011-ல் அமலுக்கு வந்தது. சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் ரிஸ்க் கட்டணம் தர முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாவிட்டால் நஷ்ட ஈடு வாடகையைப் போலப் பத்து மடங்குக்குள்தான் என்பது இப்போதைய விதி. மதிப்புக் கட்டத்தை வெறுமையாக விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. சின்ன வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது லோடிங் சலான். ஒரு வண்டியில் ஏறிய எல்லா எல்.ஆரும் இதில் வரிசையாக இருக்கும். பகலில் நகருக்குள் கனரக வண்டிகளுக்குத் தடை என்பதால் சரக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலும் கைவண்டியிலும் வந்து சேரும். கோடவுன் தெருவிலிருந்து துணி பேல், ஆண்டர்சன் தெருவிலிருந்து பேப்பர் ரீம், தேவராஜ முதலி தெருவிலிருந்து கண்ணாடி, நைனியப்ப நாயக்கன் தெருவிலிருந்து கெமிக்கல் கேன். ஒவ்வொரு உருப்படியிலும் ஊர்க் குறியும், எல்.ஆர். எண்ணும், கோடு போட்டு மொத்த உருப்படியும் மையில் எழுதுவார்கள். 4512/6 என்றால் 4512-ம் ரசீதில் ஆறு உருப்படி. இறக்கும் ஊரில் ஐந்துதான் இருந்தால் ஆறாவதை அங்கேயே தேட வேண்டும். வண்டி நகர்ந்த பிறகு தேடிப் பயனில்லை.

ஏற்றுவதில் முதல் விதி, கடைசியாக இறங்குவது முதலில் ஏற வேண்டும். மதுரை வண்டி என்றால் மதுரைச் சரக்கு கேபினை ஒட்டி, திருச்சி நடுவில், விழுப்புரம் பின்கதவை ஒட்டி. ஆனால் எடை இதற்குக் குறுக்கே நிற்கும். விழுப்புரத்துக்கு இரும்புச் சாமானும் மதுரைக்குத் துணியும் இருந்தால், விதிப்படி ஏற்றினால் பின்பக்கம் முழுக்க இரும்பு. பின் ஆக்ஸிலுக்கு அப்பால் எடை தொங்கினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி தராது. அதனால் இரும்பைத் தரையோடு தரையாகப் பின் ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, ஓரத்தில் ஒரு சந்து விட்டு, மற்றதை அதைச் சுற்றி அடுக்குவார்கள். எண்ணெய் டின் எப்போதும் கீழே இருக்கும், துணிக்கு மேல் ஏறாது. பினாயில், ஊதுபத்தி, பெருங்காயம் எதுவும் டீத்தூளுக்கும் அரிசிக்கும் பக்கத்தில் வரக்கூடாது. ஒரு ராத்திரி போதும், டீத்தூள் முழுக்க வாசனை ஏறிவிடும். கண்ணாடி படுக்காது, நின்றபடிதான் பயணம் செய்யும், அதுவும் வண்டியின் நீளவாக்கில். இதையெல்லாம் சொல்லி ஏற்றுகிற மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அவர் போட்ட வரிசை அந்தச் சலானில் அப்படியே பதிவாகியிருக்கும்.

பிறகு படுதா. கேன்வாஸ் படுதா இரண்டு போடுவதானால் பின் படுதாவை முதலில் விரித்து, முன் படுதாவின் விளிம்பு அதன் மேல் மூன்று, நான்கு அடி ஏறும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று சந்துக்குள் புகுந்து படுதாவைத் தூக்கிவிடும், மழையும் உள்ளே இறங்கும். முன் மூலையை மடிக்கும்போது மடிப்பின் வாய் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கயிறு கட்டுவதை நேரில் பார்த்தவர்களுக்கே அதன் பலம் தெரியும். மேலிருந்து வரும் கயிற்றில் இடுப்பு உயரத்தில் ஒரு கண்ணி முறுக்கி, மீதிக் கயிற்றை பாடியின் கீழ்க் கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் விட்டு, ஒரு காலை டயரில் ஊன்றி உடம்பின் எடை முழுவதையும் போட்டுக் கீழே இழுப்பார்கள். கப்பி போல வேலை செய்யும். இரண்டு சுருக்குப் போட்டு இறுக்கினால் முடிந்தது. அவிழ்க்கும்போது ஒரே இழுப்பில் வந்துவிடும். அட்டைப்பெட்டியின் விளிம்பில் கயிறு பதியாமலிருக்கச் சாக்குத் துண்டை மடித்து வைப்பார்கள். கிளம்பிய பிறகு சரக்கு குலுங்கி அமரும், கயிறு தளரும். அதனால் செங்கல்பட்டு வருவதற்குள் ஒருமுறை நிறுத்தி எல்லாக் கயிற்றையும் தட்டிப் பார்த்து மறுபடி இறுக்குவது வழக்கம். பருத்திக் கயிறு மழையில் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்ததும் தொய்ந்துவிடும். மழை விட்ட பிறகு இன்னொரு முறை பார்க்காத வண்டியில்தான் சரக்கு சாயும்.

இந்த வேலைகளில் பாதியைச் செய்தவர் கிளீனர். அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வண்டி கழுவுவார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார், சாலையில் நின்று “வரலாம், வரலாம், ஓல்டான்” என்று ரிவர்ஸ் பார்ப்பார். நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் லீவரால் டயரைத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். காற்று நிறைந்த டயர் எதிர்த்து அடிக்கும், ‘டங்’ என்று ஓசை வரும். காற்றுப் போன டயர் ‘தொப்’ என்று அமுங்கும். பின்னால் ஜோடி டயரில் உள் டயர் பஞ்சரானால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. வெளி டயரே முழு எடையையும் சுமந்து சூடேறி, கொஞ்ச தூரத்தில் அதுவும் வெடிக்கும். அந்த ஒரு தட்டு மிச்சப்படுத்திய டயர்கள் கணக்கில் வராதவை. காலையில் ஏர் டேங்க்கின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பதும் அவர் வேலைதான். விட்டால் வால்வு துருப்பிடித்து பிரேக் சரியாகப் பிடிக்காது.

டீசல் லைனில் காற்றுப் புகுந்து வண்டி நின்றால், ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நுரையாக வரும் டீசல் தெளிந்து குமிழி இல்லாமல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். பிறகு இன்ஜினுக்கு டீசலைச் செலுத்தும் பெரிய பம்பில் அதே வேலை. அப்படியும் பிடிக்காவிட்டால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் ஸ்டார்ட்டரை அடித்து, டீசல் தெறிக்கும்போது இறுக்க வேண்டும். இப்படி நான்கைந்து வருடம் கற்றுக்கொண்ட பிறகுதான் ஸ்டீயரிங் கைக்கு வரும். அதுவும் முதலில் குடோன் வாசலில் வண்டியை நகர்த்துவது, பிறகு காலி வண்டி, பிறகு சீனியர் டிரைவர் பக்கத்தில் இருக்க லோடு வண்டி. இன்றும் சட்டப்படி இலகு வாகன உரிமம் பெற்று ஒரு வருடம் ஆனால்தான் கனரகத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். ஆனால் மேலே சொன்ன எதுவும் அந்தத் தேர்வில் இல்லை. கிளீனர் இல்லாமலேயே இன்று எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. நல்ல டிரைவர் கிடைக்கவில்லை என்று புலம்புகிற முதலாளிகள், கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடித்த நாளில்தான் டிரைவர் உருவாகும் வழியை அடைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிரிப் ஷீட்டுக்கு வருகிறேன். கிளம்பும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டர், எந்த ஊரில் எத்தனை லிட்டர் டீசல், பேட்டா, பஞ்சர், கிரீஸ், டோல், வழிச்செலவு. லோடு ஏற்றிய ஆறு சக்கர வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தந்துகொண்டிருந்து திடீரென மூன்றரைக்கு இறங்கினால், நல்ல கணக்குப்பிள்ளை டிரைவரைச் சந்தேகப்படும் முன் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். நாசில் ஒழுகலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பிரேக் லைனிங் டிரம்மை விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். சக்கரம் ஒன்று மட்டும் தொட முடியாத சூட்டில் இருந்தால் அது பிரேக். கணக்கில் மைலேஜ் அளவுக்கு மீறி நன்றாக இருந்தாலும் நல்ல கணக்குப்பிள்ளை கேள்வி கேட்பார். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற கை அது. கியர் இல்லாதபோது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, சுமை முழுவதும் பிரேக்குக்கு வரும். டிரம் சூடேறி லைனிங் வழுக்கும். அடிக்கடி மிதிப்பதால் ஏர் டேங்க் காலியாகும், ஐட்லிங்கில் ஓடும் இன்ஜின் அந்த வேகத்துக்குக் காற்றை நிரப்பாது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். தொப்பூரில் இன்னும் விபத்து நடந்துகொண்டிருக்கிறது.

நேஷனல் பெர்மிட் 1975-ல் வருவதற்கு முன், வெளி மாநிலம் போக பெர்மிட்டில் அந்தந்த மாநிலத்தின் மேலொப்பம் வேண்டும். பக்கத்து மாநிலத்தில் கிளையோ கூட்டாளியோ வைத்துச் சரக்கை மாற்றிவிட்ட கம்பெனிகள் அப்படித்தான் தோன்றின. பெத்திக்குப்பம், ஜூஜூவாடி, வாளையார் என்று மாநில எல்லைச் செக்போஸ்ட்டுகளில் காத்திருந்த நேரமும், வாட் வரிக் காலத்தில் சரக்கோடு போன ஜே.ஜே. ஃபாரமும் அந்த டிரிப் ஷீட் கட்டுகளில்தான் இருக்கின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரி செக்போஸ்ட்டுகள் போய்விட்டன. 2018 ஏப்ரல் முதல் சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில். இனி எல்லாம் கணினியில்.

எனவே பரண் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வேண்டுகோள். எல்லாவற்றையும் வைத்திருக்க இடம் இல்லை என்பது புரிகிறது. வருடத்துக்கு இரண்டு மாத எல்.ஆர். மட்டும் வையுங்கள்: தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒன்று, சாதாரண மாதம் ஒன்று. டிரிப் ஷீட்டில் ஏதாவது ஒரே வண்டியை எடுத்து, வாங்கிய நாள் முதல் விற்ற நாள் வரை முழுதாக வையுங்கள். வாடகை ரேட் அட்டை ஒன்றைக்கூட விடாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டு நூலால் கட்டுங்கள். கார்பன் எழுத்து மங்கும், வெயிலில் காய வைக்காதீர்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டாம், மஞ்சள் பிடித்துத் தாளையே தின்றுவிடும். லாமினேஷனும் வேண்டாம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் அணுகிக் கேட்டுப் பார்க்கலாம்.

கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஊர்க் குறிகள், சரக்குச் சுருக்கங்கள், வழிச்செலவுக்குக் கணக்குப்பிள்ளை வைத்திருந்த சங்கேத எழுத்துகள் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அந்தப் புத்தகத்தை எழுதியவரையோ, அந்த வண்டியை ஓட்டியவரையோ ஒரு பிற்பகல் உட்கார வைத்து, எது எதைக் குறிக்கிறது என்று ஒரு முழுத் தாளில் எழுதி வாங்கிக் கட்டின் மேல் வையுங்கள். அந்தத் தாளின் மாதிரி ஒன்றைத் தங்கள் பத்திரிகை வெளியிட்டால் பலரும் அதைப் பார்த்து எழுத வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
லாரி ஆபீஸ் கணக்கர் ஒருவர்,
ஏழுகிணறு, சென்னை.