கதவுக்கு ஓர் எண் கேட்டு, துப்பறிய அனுப்பப்பட்டவன் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய எங்கள் தேயிலைத் தோட்டத்து முகாமையாளர் ஐயா அவர்களுக்கும், எங்கள் பகுதித் தபாலகத்தின் பொறுப்பதிகாரி அவர்களுக்கும், எங்கள் பிரதேச சபையினருக்கும்,

வணக்கம்.

மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். தனித்தனியாக வந்து கேட்டபோது தோட்டம் தபாலகத்தைக் காட்டியது. தபாலகம் பிரதேச சபையைக் காட்டியது. பிரதேச சபை தோட்டத்தைக் காட்டியது. மூவரையும் ஒரே தாளில் உட்கார வைத்துவிட்டால் யாரும் யாரையும் காட்ட இடமிருக்காது என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு.

பணியக்கணக்கு என்று நாங்கள் சொல்லும் கீழ்ப்பிரிவில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் அக்கா அடகு வைத்த தோடு வங்கி ஏலத்தில் போன கதை உங்களுக்குத் தெரியும். தோட்டமே ஒரு கிழமை அதைத்தான் பேசியது. அதற்குப் பின்னால் நடந்த விசாரணை உங்களில் இருவருக்குத் தெரியாது. முகாமையாளர் ஐயாவுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் விசாரணைக்கு அவர்தான் கூலி கொடுத்தார்.

அக்காவுக்கு வங்கி அனுப்பிய பதிவுத் தபால் கைக்கு வரவில்லை என்று தெரிந்த அன்று மாலை கோயில் திண்ணையில் கூட்டம் கூடியது. எங்கள் கடிதமெல்லாம் வந்து சேரும் தோட்டத்து ஆபீசில் யாரோ கடிதம் திருடுகிறார்கள் என்று முதலில் முடிவானது. திருடனைக் கண்டுபிடிக்க உள்ளே ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று அடுத்து முடிவானது. அந்த ஆள் நான் என்று முடிவானபோது நான் பொங்கல் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வாசிக்கத் தெரியும். கொழும்பில் நான் நின்ற கடையை மூடிவிட்டதால் வேலையும் இல்லை. இவை இரண்டும்தான் என் தகுதிகள். இரவில் கழிவறைக்குப் போகவே துணைக்கு ஆள் தேடுகிறவன் நான் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "பயந்தவன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது" என்று மாதர் சங்கத் தலைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆகவே, முகாமையாளர் ஐயா, ஆபீசில் பழைய கோப்புகளைத் தூசி தட்டக் கைக்காசுக்கு ஓர் ஆள் எடுத்தீர்களே, அந்த ஆள் தூசி தட்ட வந்தவனல்ல என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறேன். தூசியும் தட்டினேன். வாங்கிய கூலிக்கு வஞ்சகம் செய்யவில்லை.

மாறுவேடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய தொப்பி ஒன்று, மூக்குவரை சுற்றிய மப்ளர் ஒன்று. எங்கள் குளிரில் அப்படிச் சுற்றாதவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். என் இரகசியம் முதல் நாள் தேநீர் வேளைவரைதான் தாங்கியது. பெரிய கிளாக்கர் ஐயா கோப்பையை நீட்டி, "கடிதம் தேட வந்த தம்பி நீங்கள்தானே? சீனி போதுமா?" என்று கேட்டார். திண்ணையில் பேசியது, விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குள் மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தத் தோட்டத்தில் கடிதத்தைத் தவிர எல்லாமே உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்கிறது.

இருந்தாலும் ஒப்புக்கொண்ட வேலை. சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஆபீசில் எந்நேரமும் ஒரு கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் காட்டி உறைகளைப் பிரிக்கிறார்கள் என்று குறிப்பேட்டில் எழுதினேன். காலை வேளையில் விரல்கள் பேனாவைப் பிடிப்பதற்கே அந்தக் கேத்தலின் சூடு வேண்டியிருக்கிறது என்று நான் எழுத உட்கார்ந்தபோது தெரிந்தது. அடுத்தது, டவுனிலிருந்து தபால் பை கொண்டுவரும் அண்ணன். தினமும் ஒரே வளைவில் சிறிது நேரம் காணாமல் போகிறார். தேயிலைக்குள் குனிந்தபடி பின்தொடர்ந்தேன். காலெல்லாம் அட்டைக்கடி. அவர் அங்கே முனியாண்டிக் கல்லுக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சிறுத்தை நடமாடும் வளைவு அது. பார்த்துவிட்டு நானும் கும்பிட்டேன். மூன்றாவதாக, ஆடுகிற மேசையின் காலுக்கடியில் ஓர் உறைக்கட்டு. நெஞ்சு படபடக்க உருவி எடுத்தேன். ஒரு காப்புறுதி நிறுவனம் யாருக்கோ அனுப்பிய 2019ஆம் ஆண்டுக் காலண்டர்கள். கிளாக்கர் ஐயாவின் மேசை அன்று முழுவதும் ஆடிக்கொண்டே இருந்தது.

துப்பு கிடைத்தது பதிவுத் தபால் ஏட்டில். அக்காவின் பெயருக்கு நேரே, கடிதம் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு கைநாட்டு இருந்தது. அக்கா எட்டாம் வகுப்புவரை படித்தவர். அழகாகக் கையெழுத்துப் போடுவார். அப்படியானால் வாங்கியது வேறொருவர். அதே பெயரும் அதே முதலெழுத்தும் உள்ளவர்கள் நம் தோட்டத்தில் ஐந்து பேர். அவர்களில் கைநாட்டு வைப்பவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அந்த மாதம் முழுவதும் கொழும்பில் மகள் வீட்டில் இருந்தார். மிஞ்சியவர் மேல்மலை லயத்துப் பாட்டி.

பாட்டி வீட்டுக்கு நடுக்கத்தோடு போனேன். குற்றவாளியை எதிர்கொள்ளும்போது என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். பாட்டி எனக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார். பிறகு முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, "நீயே வாசித்துச் சொல்லு ராசா, என் ஈ.பி.எஃப். காசு எப்போது வருமாம்?" என்று தன் சேமலாப நிதிப் பணத்தைப் பற்றிக் கேட்டார். அக்காவின் பெயருக்கு வங்கி அனுப்பிய ஏல அறிவித்தல் அதற்குள் இருந்தது. மடிப்புக் கலையாமல், மஞ்சள் தடவி, பத்திரமாக.

திருடன் இல்லை, ஐயா. ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்திருந்தால் உங்களுக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும், எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். உறையின் மேல் அக்காவின் பெயர் இருந்தது, தோட்டத்தின் பெயர் இருந்தது, டவுனின் பெயர் இருந்தது. அவ்வளவுதான். தபாலகம் சரியான தோட்டத்துக்குத்தான் அனுப்பியது. பை சரியான ஆபீசுக்குத்தான் வந்தது. பெரட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருடைய ஒருவர் கை நீட்டினார். யாரும் தவறாக ஒன்றும் செய்யவில்லை. தோடு மட்டும் போய்விட்டது.

அந்தத் தோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதி வேண்டும். மகன் டவுனில் கணினி வகுப்பில் சேர்வதற்காக அக்கா அதை அடகு வைத்தார். தவணை முடிவதைப் பற்றி அவருக்கு ஒரு மயக்கம் இருந்தது; வட்டி கட்டியதால் தவணை தள்ளிப்போயிருக்கும் என்று எண்ணியிருந்தார். எப்படியும் அறிவித்தல் கடிதம் வரும் என்று கவுன்டரில் சொல்லியிருந்தார்கள். தீபாவளி முற்பணத்தில் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்காமல், மீட்பதற்கென்று அதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, கவுன்டரில் முடிச்சை அவிழ்த்தபோதுதான் ஏலம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். பதிவுத் தபால் பெற்றுக்கொள்ளப்பட்டதற்கு அத்தாட்சி இருக்கிறது என்றும் காட்டினார்கள். அக்கா சண்டை போடவில்லை. கடன் போக மீதிப் பணம் பற்றிக்கூட முதலில் கேட்கவில்லை. "அந்தத் தோட்டில் ஒரு பக்கத் திருகாணி பழசு, கழன்று விழும். வேறு திருகாணி செய்து வைத்தேன், அது வீட்டில் இருக்கிறது. வாங்கினவர்களுக்குக் கொடுத்தனுப்ப முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். கூடப்போன மகன் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். அக்கா இதைப்பற்றிப் பேசுவதில்லை. மறுநாள் வழக்கம்போல் கொழுந்துக்குப் போய்விட்டார்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண், அந்த எண்ணுள்ள கதவுக்கே எங்கள் கடிதம்.

எண் போடுவது உங்களுக்குப் புதிதான காரியமா என்றால், அதுவும் இல்லை. தூசி தட்டிய நாட்களில் உங்கள் கோப்புகளையும் பார்த்தேன். பார்க்காமல் எப்படித் தூசி தட்டுவது? ஒவ்வொரு மலைக்கும் எண் இருக்கிறது. எந்த ஆண்டு கன்று நட்டது, எவ்வளவு பரப்பு, எப்போது கவ்வாத்து வெட்டியது எல்லாம் இருக்கிறது. ஸ்டோரிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மூட்டைத் தூளுக்கும் எண் இருக்கிறது, தரம் இருக்கிறது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தூள் கடல் கடந்து, கேட்டவர் வாசலுக்கு வழி தவறாமல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. லூல்கந்துரையில் 1867இல் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் போட்டது முதல் செடிகளைக் கணக்கில் வைத்திருக்கும் துறைக்கு, அந்தச் செடிகளுக்கு நடுவில் ஒரு வரிசை கதவுகளும் இருப்பது கண்ணில் படாமலா போயிருக்கும்?

இன்னொரு அதிசயம். நுண்கடன் வசூலிக்க வருகிற தம்பிமார் எண் இல்லாத கதவை ஒருபோதும் தவறவிட்டதில்லை. ஐந்து பேருக்கு ஒரே பெயர் இருந்தாலும் கடன் வாங்கியவரின் வாசலிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள். தேர்தல் வந்தால் வேட்பாளரின் துண்டுப்பிரசுரம் சமையலறை வரை வருகிறது. ஆகவே எங்களைக் கண்டுபிடிப்பது முடியாத காரியமல்ல. எங்களிடமிருந்து வாங்க வேண்டியது இருக்கும்போது எல்லோருக்கும் வழி தெரிந்துவிடுகிறது.

தபாலக அதிகாரி அவர்களே, நாங்கள் தபாலுக்கு எதிரிகள் அல்லர். நுவரெலியாவில் 1894ஆம் ஆண்டுச் செங்கல் தபாலகத்தை ஹோட்டலாக்கப் போகிறார்கள் என்று 2023 நவம்பரில் உங்கள் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எங்கள் லயங்களிலும் அவர்கள் பக்கம்தான் பேசினார்கள். அந்தக் கட்டடத்தின் அழகுக்காக மட்டுமல்ல. தபாலகம் நமக்கும் உரியது என்ற எண்ணம்தான் காரணம். சாதாரணக் கடிதத்துக்கு 50 ரூபாய் முத்திரை என்று 2022இல் ஆனபோதும், டவுனில் வீடுள்ளவருக்கு ஒரு விலை, லயத்தில் இருப்பவருக்கு ஒரு விலை என்று யாரும் வைக்கவில்லை. அவருடைய 50 ரூபாய்க் கடிதம் வாசலுக்கு வருகிறது, எங்களுடைய 50 ரூபாய்க் கடிதம் பெரட்டுக்களத்தில் ஏலம் போடப்படுகிறது. இதற்கு ஒரு விளக்கம் இருந்தால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

பிரதேச சபையினருக்கு நினைவூட்டத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். தோட்டத்துக்குள் கைவைக்க முடியாது என்பதற்கு முன்பெல்லாம் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டுவீர்கள். அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஆட்கள் 1948இல் குடியுரிமை இழந்தார்கள். கடைசியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்து, மிஞ்சியிருந்தவர்களும் பிரஜைகளானார்கள். பிரஜை ஆனவருக்கு ஒரு வீட்டு எண் கிடைக்க இன்னும் எத்தனை சட்டம் வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், நிலம் அரசுக்குச் சொந்தம், 1992 முதல் நிர்வாகம் கம்பனிக்குச் சொந்தம். கதவுக்கு உள்ளே இருக்கிற நாங்கள் யாருக்குச் சொந்தம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். காணி கேட்டால்தான் நீங்கள் கோபப்படுகிறீர்கள். இந்த மடலில் நான் காணி கேட்கவில்லை. எண் மட்டும்தான் கேட்கிறேன்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கே வருகிறேன்.

முகாமையாளர் ஐயா, எங்கள் சுவரில் ஆணி அடிப்பதற்கும் ஆபீசில் அனுமதி கேட்க வேண்டியிருப்பதால்தான் இது உங்களிடம் வருகிறது. இளைஞர் மன்றத்திடம் கறுப்புப் பெயின்ட் இருக்கிறது, கோயில் திருவிழாவில் மிஞ்சியது. எழுத்து அழகாக எழுதக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். மேல்மலையில் தொடங்கிப் பணியக்கணக்குவரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடித்துவிடுவோம். உங்களிடம் வேண்டுவது ஓர் அனுமதிக் கடிதம், கீழே உங்கள் கையொப்பம். பிரதேச சபை அந்த எண்களைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தபாலகம் அந்த எண்ணுக்கே கடிதத்தைக் கொடுக்க வேண்டும். லயம்வரை வர ஆள் போதாது என்றால், லயத்துக்கு லயம் பூட்டுள்ள ஒரு பெட்டி வைக்கலாம். பதிவுத் தபாலை மட்டும் அடையாள அட்டையைப் பார்த்து உரியவர் கையிலேயே கொடுங்கள். அது வரும்வரை, பெரட்டில் பெயரோடு அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்தையும் சேர்த்துக் கூப்பிடும்படி கிளாக்கர் ஐயாவிடம் சொன்னாலும் உதவியாக இருக்கும். அவர் மறுக்கமாட்டார். நல்ல மனிதர், எனக்கு இரண்டாவது நாளிலிருந்து கேட்காமலே சீனி கூடப் போட்டார்.

மேல்மலைப் பாட்டியின் ஈ.பி.எஃப். கடிதம் இன்னும் கிடைக்கவில்லை. அவர் பெயரில் மிச்சமுள்ள நான்கு வீடுகளிலும் கேட்டுவிட்டேன். இந்த மாதச் சம்பள நாளுக்கு முன் அனுமதியைத் தந்துவிட்டால், அவருக்கு வர வேண்டியதை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று நாங்களே விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துவிடுவோம். தயவுசெய்து எண் போட அனுமதியுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் ஆபீசில் தூசி தட்டியவன்,
பணியக்கணக்கு, இரண்டாம் லயம், கோயில் பக்கமிருந்து எண்ணினால் நான்காவது கதவு